உபகாரமா, உரிமையா?

பென்ஷனுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'உபகாரச் சம்பளம்'. முப்பது வருஷம் உழைத்தவனுக்குக் கொடுப்பது உபகாரமாகுமா? ஆகாது, அது அவன் உரிமையே என்று 1982-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

ஆயினும் என்ன? 2003 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டிலும், 2004 ஜனவரி முதல் மத்திய சர்க்காரிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லையென்றாயிற்று. நம் பள்ளிக்கூடங்களில் அருகருகே கற்பித்த இரண்டு உபாத்தியாயர்களில், மார்ச்சில் சேர்ந்தவருக்கு முதுமைக்கு ஓர் உறுதி இருந்தது. ஏப்ரலில் சேர்ந்தவரோ மாதந்தோறும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தியும், பின்னால் வருவது எவ்வளவு என்றறியாமல் தவித்தார்.

2003 ஜூலையில் தமிழ்நாட்டு ஊழியர் சங்கங்கள், பறிபோனவற்றை மீட்க வேலைநிறுத்தம் செய்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் திரும்ப அழைக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் உரிமையன்று என்று சுப்ரீம் கோர்ட்டார் அவ்வருஷம் ஆகஸ்டில் கூறினர். பென்ஷன் உரிமை, அதற்காக வேலையை நிறுத்துவது மட்டும் உரிமையன்று!

சங்கங்கள் ஓயவில்லை. 2025 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார், புதிய திட்டமொன்றை விரும்பி ஏற்று 25 வருஷம் சேவை செய்வோருக்கு, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்தது. பிடித்தம் மட்டும் நீங்கவில்லை.

கஜானா தாங்காது என்ற கவலை பொய்யன்று. ஆனால் சிக்கனத்தைக் கொடுத்த வாக்கிலிருந்தா தொடங்குவது? சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: சங்கமற்ற சித்தாளுக்கும் வயற்கூலியாளுக்கும் முதுமை வரும். அவர்களுக்காகவும் நாம் குரலெழுப்பினால்தான், 'உரிமை' என்ற சொல்லுக்கு முழுப் பொருள் உண்டாகும்.