கண்ணாடிக் கூரையின் கீழ் வாழை



மாமி கனடா வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் பிக்கரிங் வீட்டு ஜன்னலோரமே இருந்தார். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. குளிர்கால மனச்சோர்வு தாதியான எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வேலை, வேலை என்று ஓடி, கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு வைத்தியரிடம் காட்டினோம். ஒரு சனிக்கிழமை கோ ரயிலேறி, ரொறன்ரோ நகர நடுவிலுள்ள அலன் கார்டன்ஸ் பூங்காவுக்கும் கூட்டிப்போனேன். வெளியே பனி. கண்ணாடிக் கூடத்துக்குள் வெக்கை, ஈரமண் வாசம், வாழைமரம்! மாமி இலையைத் தடவினார். ஊர்க் கிணற்றடி வாழைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

ஜோர்ஜ் வில்லியம் அலன் என்பவர் 1858இல் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் கொடுத்த நிலம் அது. பெரிய கண்ணாடிக் கூடம் 1910இல் கட்டப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோடையில் மரநிழல், இலையுதிர்காலத்தில் செவ்வந்தி, நத்தார் காலத்தில் அலங்காரம் என்று இப்போது ஆண்டு முழுவதும் போகிறோம்.

உங்கள் வீட்டு ஜன்னலோரம் இருப்பது யார்? அம்மம்மாவா, புதிதாக வந்த மாணவரா? இந்தச் சனிக்கிழமை அவரோடு ரயிலேறுங்கள். வழியில் நீங்கள் பேசுவதைவிட அவர் பேசுவதைக் கேளுங்கள்.