பாதியில் நின்ற டிகிரி: மாநிலப் பல்கலைக்கழகமா, டெல்லிப் பல்கலைக்கழகமா?



போன கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களை வாசித்துக்கொண்டிருந்தோம். கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று வழக்கமான காரணங்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் "விட்ட டிகிரியை முடிக்க" என்று எழுதியிருந்தது. "மாடு வாங்குனா பால் வரும். இதுல என்ன வரும்?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டது தப்பில்லை, குழுப் பணம் ஆச்சே. ஆனால் காலேஜுக்குப் போய் பாதியில் நின்றவர்கள் யார் யார், கை தூக்குங்கள் என்றபோது பதினொரு கைகள் மேலே வந்தன. அதில் ஒரு கை, அந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவுடையது!

நின்றதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கல்யாணம், பிரசவம், பஸ் இல்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. படித்த ஒரு வருஷமும் பாஸான பேப்பரும் வீணாகப் போச்சு என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை, சகோதரிகளே. அதைத்தான் இந்த முறை விளக்கமாக எழுதுகிறோம்.

விண்ணப்பம் போட்டவர்கள் உண்மையில் இரண்டு பேர். ஒரே வீட்டு ஓரகத்திகள். மூத்தவர் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து, முதல் வருஷப் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணி, கல்யாணத்தோடு நின்றவர். இளையவள் ஆங்கில வழியில் பி.காம். படித்து, 2023-ல் இரண்டாம் வருஷத்தில் நின்றவள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சண்டை. மூத்தவர், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் நல்லது என்கிறார். இளையவள், இக்னோதான் பெரிசு என்கிறாள். "ரெண்டுல எது உசத்தி, நீங்களே சொல்லுங்க" என்று எங்களிடம் வந்தார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகம். இக்னோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, தலைமையிடம் டெல்லி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்தது, தலைமையிடம் சென்னை சைதாப்பேட்டை. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் படிப்பில் வாங்கும் பட்டம், காலேஜுக்கு நேரில் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-லும் தெளிவுபடுத்தியது. ஆகவே உசத்தி, தாழ்த்தி என்கிற பேச்சை விட்டுவிடுவோம். உங்கள் கையில் இருக்கும் பழைய பேப்பரில் எத்தனையை எது எடுத்துக்கொள்ளும்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய பேப்பர் எப்படி வரவாகும்?

நம் குழுக் கணக்கை வைத்தே பாருங்கள். ஒரு குழுவிலிருந்து விலகி வேறு குழுவில் சேருகிற உறுப்பினர், "அங்கே நான் போட்ட சேமிப்பை இங்கே வரவு வையுங்க" என்றால் நாம் என்ன கேட்போம்? பாஸ்புக்கைக் கொண்டு வா, எவ்வளவு போட்டாய், எப்போது போட்டாய் என்று கேட்போம். படிப்பிலும் அதேதான். சேமிப்புக்குப் பதிலாக அங்கே கிரெடிட் என்று பெயர்.

இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. வேறு பல்கலைக்கழகத்தில் பாஸான பேப்பரை அங்கே பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "நான் ஒரு வருஷம் முடிச்சிருக்கேன், நேரா ரெண்டாம் வருஷத்துல போடுங்க" என்றால் நடக்காது. நீங்கள் படித்த பாடத்திட்டமும் அவர்கள் பாடத்திட்டமும் ஒத்துப்போனால் அந்தப் பேப்பர் வரவு, ஒத்துப்போகாவிட்டால் இல்லை. முதலில் சேர்ந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இந்த வரவுக்கு விண்ணப்பம் போட முடியும். மதிப்பெண் பட்டியலோடு பழைய பாடத்திட்டத்தின் நகலும் வேண்டும். பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணமும் தனியாக உண்டு. எவ்வளவு பேப்பர் கொண்டுபோனாலும் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதியாவது அங்கேயே படித்து வாங்கியாக வேண்டும்.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேறு பல்கலைக்கழகத்தில் இடையில் நின்றவர்களை இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு. லேட்டரல் என்ட்ரி என்பார்கள். அதே பாடமாக இருக்க வேண்டும், முடித்ததற்கு மதிப்பெண் பட்டியல் இருக்க வேண்டும். சேருகிற வருஷத்து விவரக் கையேட்டை வாங்கி, உங்கள் பாடத்துக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வாய்வார்த்தையை நம்பாமல் மண்டல மையத்தில் எழுத்தில் கேளுங்கள். நாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதாத எதையும் நம்புவதில்லையே, அப்படித்தான்.

இன்னொன்று. பாஸான கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021-ல் ஏபிசி என்ற கிரெடிட் வங்கியை மத்திய அரசு தொடங்கியது. 2021-22 கல்வியாண்டு முதல் வாங்கிய கிரெடிட் அதில் ஏறும். அதிகபட்சம் 7 வருஷம் செல்லும். இளையவள் 2023-ல் நின்றவள். அவள் கிரெடிட் கணக்கில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிட்டாள். மூத்தவர் படித்தது அந்த வங்கி வருவதற்கு முன்பு. அவருக்குக் காகிதம்தான் ஆதாரம். பரண் மேல் ட்ரங்குப் பெட்டியில் பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுத்தார். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது, நல்லவேளை.

மொழியும் ஊரும்

இக்னோ புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் சேர்ந்துவிட்டுத் திணறி, இரண்டாம் முறையும் பாதியில் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரண்டாம் முறை நின்றால் அதற்கப்புறம் யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை. அதனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு, தமிழில் புத்தகம் கிடைத்துத் தமிழிலேயே பரீட்சை எழுத முடிகிற மாநிலப் பல்கலைக்கழகத்தையே சொல்வோம். இது எங்கள் அபிப்பிராயம். ஆங்கிலம் வரும் என்கிறவர்களைத் தடுக்கவில்லை.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தோடு சரி. அதன் படிப்பு மையமும் தேர்வு மையமும் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கும். இக்னோவுக்கு நாடு முழுக்க மண்டல மையங்கள் உண்டு, நம் பக்கம் சென்னையிலும் மதுரையிலும் இருக்கின்றன. ஊர் மாறினால் மையத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இளையவளின் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், அடுத்த வருஷம் குடும்பத்தையும் கூட்டிப்போகப் போகிறார். இதைக் கேட்டதும் எங்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அவளுக்கு இக்னோதான் சரி.

இக்னோவில் ஆண்டிறுதித் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூன் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு, டிசம்பர் என்றால் மழையும் வயல் வேலையும். டெல்லியில் உட்கார்ந்து தேதி குறித்தவருக்கு நம் வீட்டு நிலவரம் தெரியவா போகிறது! அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பாடம் முடியும், அதற்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம். மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுத்துப் படிக்கலாம் என்பது நம் மாதிரிப் பெண்களுக்கு ஒரு பெரிய ஆறுதல். ஒரு பிரசவம் நடுவில் வந்தாலும் படிப்பு செத்துப்போகாது.

இரண்டுமே வேண்டாம் என்கிற இடமும் உண்டு

கை தூக்கிய பதினொரு பேரில் ஒருவர் மூன்று வருஷமும் படித்து, இரண்டே அரியரில் நிற்கிறார். அவர் எதற்கு வேறு பல்கலைக்கழகம் மாற வேண்டும்? பழைய பல்கலைக்கழகத்திலேயே அரியர் எழுத இன்னும் வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கெடு தாண்டியவர்களுக்கும் சில சமயம் சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பார்கள். மாறினால் படித்ததில் பாதி போய்விடும்.

நேர்மாறாக, மூன்று நான்கு பேப்பர் மட்டும் பாஸாகி நின்றவர்கள் வரவுக்காக அலைவதைவிட முதல் வருஷத்திலிருந்தே சேருவது மேல். பாடத்திட்ட நகலுக்கும் தபாலுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

உங்கள் மகள் இப்போதுதான் நின்றிருக்கிறாள், திரும்பக் காலேஜுக்கே போக முடியும் என்றால், அங்கேயே அனுப்புங்கள். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குக் கிடையாது.

10-ம் வகுப்பு மட்டும் முடித்தவர்கள் "நேரா டிகிரி எழுதலாமாமே" என்று கேட்கிறார்கள். வேண்டாம், சகோதரிகளே. 10, +2, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று தமிழக அரசு 2009-ல் ஆணை போட்டது. வரிசை மாறிப் படித்துவிட்டு, பதவி உயர்வு நேரத்தில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் நிறையப் பேர். தனித்தேர்வராக +2 எழுதிவிட்டு வாருங்கள்.

காகிதம், இனிஷியல், ஏஜென்ட்

பழைய காலேஜிலிருந்து டி.சி., பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சர்டிபிகேட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் வேண்டும். மூத்தவரின் காலேஜில், பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் சர்டிபிகேட் என்று மடக்கினார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காலேஜ் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு இரண்டு குழு உறுப்பினர்கள் கூடப் போனார்கள். அன்று மத்தியானமே கொடுத்துவிட்டார்கள்.

பெரிய தலைவலி பெயரில்தான். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல்! ஏபிசி எண் ஆதாரை வைத்துத்தான் எடுக்கிறார்கள். திறந்தநிலைப் படிப்பில் சேர 2024 முதல் டெப் ஐடி என்ற எண்ணும் வேண்டும், அதற்கு ஏபிசி எண் வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்று நின்றுவிடும். ஆகவே முதல் வேலையாக 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரில் பெயரைச் சரிசெய்யுங்கள். இதற்கே மூத்தவருக்கு மூன்று வாரம் ஆனது.

இன்னும் ஒரு விஷயம் எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. நம் உறுப்பினர் ஒருவர், "பழைய பேப்பரை நாங்க மாத்திக்கிறோம், ஒரே தடவை பரீட்சை, டிகிரி கையில" என்று சொன்ன ஒரு ஏஜென்டிடம் தோட்டை அடகு வைத்து 35,000 ரூபாய் கொடுத்தார். வந்த சர்டிபிகேட் பார்க்கப் பளபளவென்று இருந்தது. வேலைக்கு விண்ணப்பித்து, சரிபார்ப்புக்கு அனுப்பியபோது போலி என்று வந்தது. தோடு இன்னும் மீளவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். இ-சேவை மையத்தில் கட்டினாலும் ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓரகத்திகள் சண்டை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மூத்தவர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிட்டார். இளையவள் இக்னோவில் பி.காம். சேர்ந்து ஆறு பேப்பருக்கு வரவு கேட்டாள், நாலு கிடைத்தது. "ரெண்டு போச்சே" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாளாம், மூத்தவர்தான் சமாதானப்படுத்திச் சோறு போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் உள்கடன் கொடுத்தோம், பத்துத் தவணை. மாடு பற்றிக் கேட்ட அக்காவும் அன்றே விண்ணப்பம் வாங்கிப் போனார்.

வேறு யாருக்காவது விருப்பம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது 10-ம் வகுப்பு மார்க் ஷீட், +2 மார்க் ஷீட், காலேஜ் மார்க் ஷீட், ஆதார் ஆகியவற்றின் ஜெராக்ஸை எடுத்து வாருங்கள். ஒரிஜினல் வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.