நூறு ரூபாயில் எழுபது காசு



போர், பஞ்சம், நிலநடுக்கம், வெள்ளம் என உலகின் எந்த மூலையில் துயரம் நேர்ந்தாலும், 'செல்வந்த நாடுகள் இத்தனை கோடி டாலர் உதவி அறிவித்தன' என்ற செய்தி விரைவிலேயே நாளேடுகளில் வந்துவிடுகிறது. கோடிகளைக் கேட்டதும் நாம் மலைத்துப் போகிறோம். 'இவ்வளவு கொடுத்தும் அந்த நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன?' என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்தக் கோடிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, எங்கே செலவாகின்றன, யாருடைய விருப்பத்தைச் சார்ந்து நிற்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வாக்குறுதி பிறந்த விதம்

இரண்டாம் உலகப் போரில் சிதைந்துபோன மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த, 1948 முதல் நான்கு ஆண்டுகளில் அமெரிக்கா ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வழங்கியது. அதுவே மார்ஷல் திட்டம். ஐரோப்பா விரைவில் எழுந்து நின்றது. அதே காலகட்டத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றன. இந்தப் புதிய நாடுகளுக்கும் செல்வந்த நாடுகள் உதவ வேண்டும் என்ற குரல் எழுந்தது. எவ்வளவு கொடுப்பது?

இதற்கு விடை கூற, கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையில் உலக வங்கி ஒரு குழுவை அமைத்தது. 1969இல் அக்குழு அளித்த அறிக்கை, ஒவ்வொரு செல்வந்த நாடும் தன் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை அரசு உதவியாக வழங்க வேண்டும் என்றது. 1970 அக்டோபர் 24ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை இதனைத் தன் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் இலக்கை எட்ட வேண்டும் என்று காலக்கெடுவும் குறிக்கப்பட்டது.

0.7 விழுக்காடு என்றால் என்ன? நூறு ரூபாய் ஈட்டுபவர் எழுபது காசு கொடுப்பது. அவ்வளவுதான்!

ஸ்வீடனும் நெதர்லாந்தும் 1974இல் அந்த இலக்கை எட்டின. நார்வே 1976இலும் டென்மார்க் 1978இலும் எட்டின. அமெரிக்காவோ குறிப்பிட்ட இலக்கையும் காலக்கெடுவையும் தான் ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே கூறி ஒதுங்கிக்கொண்டது. மற்றவை 'முயல்வோம்' என்றன. அந்த முயற்சி அரை நூற்றாண்டைக் கடந்தும் முடியவில்லை. 2024ஆம் ஆண்டு, உதவி வழங்கும் செல்வந்த நாடுகள் அனைத்தும் சேர்ந்து கொடுத்த தொகை 21,210 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அவற்றின் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் நூறு ரூபாயில் 33 காசு! தொகையில் முதலிடம் பெற்ற அமெரிக்கா கொடுத்தது 22 காசு. எழுபது காசை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே.

எண்ணெய் வளம் பெற்ற அரபு நாடுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை 1973 முதல் 2008 வரை சராசரியாகத் தம் வருமானத்தில் 1.5 விழுக்காட்டை உதவியாக வழங்கின என உலக வங்கியின் ஆய்வு கூறுகிறது. ஐ.நா. இலக்கைப் போல் இரு மடங்கு இது. ஆயினும் எண்ணெய் விலை ஏறியபோது அந்த உதவி பெருகியது. விலை வீழ்ந்தபோது சுருங்கியது. பெறுபவரின் பசி எண்ணெய் விலையைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லையே!

எல்லை தாண்டாத உதவி

அடுத்து, எதை உதவி என்று கணக்கில் எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இதற்கான விதிகளை வகுப்பது உதவி பெறும் நாடுகளன்று, ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பில் கூடும் கொடையாளி நாடுகளே! கொடுப்பவரே தராசைப் பிடித்திருக்கிறார்.

ஒரு நாட்டுக்குள் அடைக்கலம் தேடி வரும் அகதிகளுக்கு முதல் ஓராண்டு உணவும் உறைவிடமும் அளிக்க ஆகும் செலவை, அந்நாடு தன் வெளிநாட்டு உதவிக் கணக்கில் சேர்க்கலாம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அகதிக்கு அடைக்கலம் தருவது உயர்ந்த செயல், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணம் எல்லையைத் தாண்டுவதேயில்லை. 2022இல் பிரிட்டன் தன் உதவி நிதியில் ஏறத்தாழ 370 கோடி பவுண்டை, அதாவது நூறில் 29 பங்கை, தன் மண்ணிலேயே இவ்வாறு செலவிட்டது. உதவிக்கென ஒதுக்கிய தொகைக்கு உச்சவரம்பு இருந்ததால், இந்தச் செலவு பெருகப் பெருக, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள ஏழைகளுக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்தது.

கடனும் உதவியாகவே எழுதப்படுகிறது. சந்தை வட்டியை விடக் குறைந்த வட்டிக்குத் தரும் கடனில் நான்கில் ஒரு பங்காவது சலுகையாக இருந்தால், முழுத் தொகையையும் உதவி என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்கு முதல்தான் சலுகைப் பகுதியை மட்டும் எழுதும் முறை வந்தது.

நிபந்தனை கட்டிய உதவி

'பணம் தருகிறோம், ஆனால் பொருளை எங்கள் நாட்டு நிறுவனத்திடமே வாங்க வேண்டும்' என்பது மற்றொரு வகை. திறந்த சந்தையில் வாங்குவதை விட இவ்வகையில் 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது என்பது ஓ.இ.சி.டி.யின் மதிப்பீடு. ஏழை நாட்டுக்குக் கொடுத்த நூறு ரூபாயில் ஒரு பகுதி, கொடுத்தவரின் வணிகர்களுக்கே திரும்பிவிடுகிறது.

இதைவிடக் கசப்பான நிபந்தனைகளும் உண்டு. நம் நாட்டு மூத்தோருக்கு 'பி.எல். 480' கோதுமை நினைவிருக்கும். 1954இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் எண் அது. 1965, 66ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து இந்தியா பஞ்சத்தின் விளிம்பில் நின்றபோது, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கோதுமைக் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். இந்தியா தன் வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும் என்பதும், வியட்நாம் போரைக் கண்டிப்பதில் அடக்கம் காட்ட வேண்டும் என்பதும் அதன் பின்னணி. கப்பலில் வருவது நேரே வாய்க்குப் போகும் நிலை! அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் சி. சுப்பிரமணியம். பிறர் கையை நம்பி மக்களுக்குச் சோறிட முடியாது என்ற பாடம், உயர் விளைச்சல் விதைகளை நோக்கிய முயற்சியை மேலும் விரைவுபடுத்தியது.

பெர்காவ் அணை

நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு மலேசியாவின் கிளந்தான் மாநிலத்திலுள்ள பெர்காவ் அணையைக் காட்டலாம். 1988இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர், மலேசியாவுடன் ஆயுத விற்பனை தொடர்பான குறிப்பொன்றில் கையெழுத்திட்டார். ஆயுதங்களின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உதவி தரப்படும் என்ற பொருள் அதில் இருந்தது. இரண்டையும் இணைப்பது முறையன்று என்று பின்னர் அந்தத் தொடர்பு தாளில் துண்டிக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே பெர்காவ் மின்திட்டத்திற்கு உதவுவதாகப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வாக்களித்தார். திட்டத்தின் செலவு ஏறியது. உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டர், இது பொருளாதாரப் பயனற்றது என்று 1991இல் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தார். வெளியுறவு அமைச்சர் அந்த மறுப்பை மீறி, பணத்தை வழங்குமாறு ஆணையிட்டார். மொத்தம் 23.4 கோடி பவுண்டு!

பிரிட்டனில் இயங்கிய ஒரு தொண்டு அமைப்பு நீதிமன்றம் சென்றது. பயனுள்ள வளர்ச்சிக்கே உதவி நிதி என்று சட்டம் கூறும்போது இந்தச் செலவு சட்டவிரோதமானது என 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பிறகே பிரிட்டனின் போக்கு மாறியது. 2001இல் வணிக நிபந்தனைகள் நீக்கப்பட்டன. வறுமை ஒழிப்பே உதவியின் நோக்கம் என 2002இல் சட்டம் வந்தது.

உதவியால் பயனே இல்லையா?

இவற்றைப் படித்துவிட்டு 'உதவி என்பதே ஏமாற்று' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது நீதியாகாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் விரைந்தோடும் ஆறுகளின் கரைகளில் ஒரு வகைக் கருப்பு ஈ பெருகுகிறது. அது கடித்துப் பரப்பும் புழுநோய், காலப்போக்கில் கண் பார்வையைப் பறித்துவிடும். வளமான ஆற்றங்கரைகளை விட்டு ஊர் ஊராக மக்கள் வெளியேறினார்கள். 1974இல் உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் பல கொடையாளி நாடுகளும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. ஈக்கள் முட்டையிடும் ஆறுகளில் வானூர்திகள் மூலம் மருந்து தெளிக்கப்பட்டது. 1987இல் மெர்க் என்ற மருந்து நிறுவனம் இந்நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தர முன்வந்தது. மாலி, நைஜர், செனகல் உள்ளிட்ட 11 நாடுகளில் 2002 வரை நடந்த இப்பணியால் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் பார்வையிழப்பிலிருந்து காக்கப்பட்டனர். கைவிடப்பட்ட நிலங்களில் மீண்டும் ஏர் பூட்டினார்கள்.

இது எப்படி இயன்றது? நோக்கம் ஒன்றாக இருந்தது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கை விலக்காமல் நின்றார்கள்.

கை விலகும்போது

உதவியை நம்பி வாழ்பவருக்குப் பேராபத்து, அது திடீரென நின்றுபோவதே. 1961 முதல் இயங்கிவந்த யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணிகள் 2025 ஜனவரி 20ஆம் நாள் அதிபர் ஆணையால் முடக்கப்பட்டன. மார்ச் மாதத்தில், அதன் திட்டங்களில் 83 விழுக்காடு கைவிடப்படுவதாக அறிவித்தனர். ஜூலை முதல் நாள் அந்நிறுவனம் செயல்படுவதை நிறுத்தியது. உள்நாட்டுப் போரில் சிக்கிய சூடானில், அண்டை வீட்டாரே தன்னார்வலர்களாகி நடத்திவந்த பொதுச் சமையற்கூடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மூடப்பட்டன. ஒரு வேளை உணவுக்குப் பாத்திரம் ஏந்தி வந்த தாய், எந்த அலுவலகத்தில் சென்று முறையிடுவாள்?

பிரிட்டன் 0.7 விழுக்காட்டை 2015இல் சட்டமாகவே இயற்றிய நாடு. ஆனால் 2021இல் அதனை 0.5 ஆகக் குறைத்தது. பாதுகாப்புச் செலவுக்காக 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. சட்டம் என்னவாயிற்று? இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளிக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அதிகபட்சக் கடமை. நீதிமன்றம் சென்று பெற அதில் வழியில்லை. ஏழைக்கு வாக்குறுதி இருந்தது, உரிமை இல்லை.

நமக்கும் ஒரு கேள்வி

நாம் அறிந்த ஜகாத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அது சேமித்த செல்வத்தின் மீது விதிக்கப்படுவது. நாடுகளின் இலக்கோ ஆண்டு வருமானத்தின் மீது குறிக்கப்படுவது. எனவே இரண்டரை விழுக்காட்டையும் 0.7 விழுக்காட்டையும் அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் ஒரு வேறுபாடு தெளிவானது. ஜகாத்தில் பெறுவோர் இன்னின்னார் என்று திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையினரை வரையறுத்துவிட்டது. கொடுப்பவர் அந்தப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அது ஏழையின் உரிமை. செல்வந்தரின் தயவு அன்று.

இந்த அளவுகோலால் நாடுகளை அளப்பதற்கு முன் நம்மையும் அளந்துகொள்வோம். தன் வீட்டுப் பெண்கள் உடுத்த மாட்டார்கள் எனத் தெரிந்தே மலிவுச் சேலையை ஜகாத் எனக் கொடுப்பவரும், மருத்துவத்துக்குப் பணம் வேண்டி நிற்பவரிடம் தன் கடையில் விற்காத சரக்கை நீட்டுபவரும், வாக்களித்த உதவியை ஒரு மனவருத்தத்துக்காகப் பாதியில் நிறுத்துபவரும், பெர்காவ் அணையைச் சிறிய அளவில் தம் தெருவிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை 'இத்தனை கோடி டாலர் உதவி' என்ற செய்தியைப் படிக்கும்போது, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். கொடுத்தவரின் நூறு ரூபாயில் இது எத்தனை காசு? இதில் எல்லை தாண்டிச் சென்றது எவ்வளவு? பொருளை விற்றவர் யார்? அடுத்த ஆண்டும் இது வரும் என்பதற்கு என்ன உறுதி? அதே கேள்விகளை நம் கொடைகளைப் பற்றியும் நம் பிள்ளைகள் கேட்கட்டும். அவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்லும் நிலையில் நாம் இருக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக!