துருவக் கடலில் தனித்து நின்ற தாய்

வட துருவக் கடலுக்கு இப்போது வசதியுள்ள பெண்கள் பயணக் கப்பலில் தனியாகவே போய் வருகிறார்கள். இதை எங்கள் தையல் வகுப்பில் சொன்னபோது, ஒரு சகோதரி, "அந்தக் குளிருக்குள்ள ஒரு பொம்பிளை தனியப் போறதோ?" என்று கேட்டார். அவருக்கு அடா பிளாக்ஜாக்கின் கதையைச் சொன்னேன்.

அடா, அலாஸ்காவின் இனுபியட் இனப் பெண். கணவர் கைவிட்டுவிட்டார். காசநோய் பிடித்த மகன் பெனட்டை, வளர்க்க வழியின்றி அநாதை இல்லத்தில் விட்டிருந்தார். அவனை மீட்கப் பணம் வேண்டும். 1921 இல், மாதம் 50 டொலர் சம்பளத்துக்குத் தையற்காரியாக, நான்கு ஆண்களுடன் சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள ராங்கல் தீவுக்குக் கப்பலேறினார். துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. வெண்கரடி என்றால் நடுக்கம்.

மறு வருடம் வரவேண்டிய கப்பலைப் பனிக்கட்டி மறித்துவிட்டது. 1923 ஜனவரியில் மூவர் உதவி தேடிப் பனிமேல் நடந்தார்கள், திரும்பவேயில்லை. நான்காமவர் ஸ்கேவி நோயில் படுத்தார். அடா பொறிவைத்து நரி பிடித்து அவரைப் பராமரித்தார். அவரோ படுக்கையில் கிடந்தபடியே ஏசினார். (இந்த இடத்தில் வகுப்பில் பலர் சிரித்தார்கள். ஏனென்று நான் கேட்கவில்லை.) ஜூனில் அவரும் இறந்தார். மிஞ்சியது அடாவும் ஒரு பூனையும். சுடப் பழகினார், கடல்நாய் வேட்டையாடினார். ஓகஸ்டில் கப்பல் வந்தது.

"பிள்ளை தப்பினதோ?" என்றார் அந்தச் சகோதரி.

சிகிச்சைக்குச் சியாட்டில் கொண்டுபோனார், அவன் 1972 வரை இருந்தான் என்றேன்.