பொன்னில் மலர்ந்த தாழம்பூ

தமிழகத்தில் தலைக்கு அணியும் நகைகளின் வரலாறு, கூந்தலில் சூடிய பூ மெல்ல மெல்லப் பொன்னாக மாறிய வரலாறும் ஆகும். சென்னையின் மேற்குப் புறநகரில் அந்தப் பூ ஊர்ப்பெயர்களிலேயே தங்கியிருக்கிறது: தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பிணைத்த கதையை ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலுக்கும், காஞ்சி வரதராசருக்கு நாள்தோறும் மாலை கொண்டுசென்ற திருக்கச்சி நம்பிகளின் கதையைப் பூவிருந்தவல்லிக்கும் சொல்வர்.

திருமுருகாற்றுப்படையில் வரும் சூரரமகளிர் என்னும் தெய்வப்பெண்கள், திருமகள் உருவம் கொண்ட தெய்வவுத்தியையும், வலம்புரிச் சங்கின் வடிவில் அமைந்த அணியையும், சுறாமீனின் திறந்த வாயைப் போன்ற மகரப்பகுவாயையும் தலையில் அணிகின்றனர். இம்மூன்றிலும் பூ இல்லை; செண்பகம் போன்ற பூக்களையே அவர்கள் கூந்தலில் செருகிக்கொண்டனர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தலையின் பின்புறம் சக்கரம்போல் அமையும் தட்டுக்குச் சிரச்சக்கரம் என்று பெயர். அதைக் காண்பவருக்கு இன்றைய ராக்கொடி, அதாவது உச்சிக்குப் பின்னால் பொருத்தும் வட்டவில்லை, நினைவுக்கு வரும். ஆயினும் ஒன்றிலிருந்தே மற்றொன்று பிறந்தது என்று சொல்லிவிடுவது அவசரம்.

பொன் பூவானதை முழுமையாகக் காட்டுவது சடைநாகம். ராக்கொடிக்குக் கீழே பிறையும், அதன்கீழ் மடல்மடலாகத் தாழம்பூவும் வர, அங்கிருந்து மொட்டு வரிசைகள் பதித்த சிறு தகடுகள் பின்னலின் நீளத்துக்கு அகலம் குறைந்துகொண்டே இறங்கி, பட்டுக் குஞ்சங்கள் தொங்கும் குஞ்சலத்தில் முடிகின்றன. தகடுகள் தனித்தனியாகக் கோக்கப்படுவதால், ஆடுபவள் திரும்பும்போது பின்னலோடு நகையும் வளைகிறது. நாகம் என்ற பெயர் நகையின் உச்சியில் விரியும் பாம்புப் படத்துக்கு மட்டுமன்றி இந்த நெளிவுக்கும் பொருந்துகிறது. சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்த இவ்வகைக் கோயில் நகைகளுக்கு நாகர்கோவிலில் உள்ள வடசேரி பெயர்பெற்றது.

கோயிலிலும் சதிர் ஆட்டத்திலும் வழங்கிய இந்நகைகளை, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் போன்றோரின் காலத்தில் பரதநாட்டிய மேடை தன் சீருடையாக்கிக்கொண்டது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி அனைத்தையும் சேர்த்துத் தலைசாமான் என்று நாட்டிய வட்டாரத்தில் சொல்வர். அம்பத்தூரில் நடக்கும் அரங்கேற்றமாயினும் ஆவடிக் கல்யாண மண்டபத்து மணப்பெண்ணாயினும், இன்று அது பெரும்பாலும் முலாம் பூசிய செட்டாகவோ வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்கிறது.

பொன் வாடகைக்குப் போனபின்னும் பூ வீட்டிலேயே இருந்தது. பின்னலின்மேல் மல்லிகை மொட்டுகளை ஊசிநூலால் வரிசையாகத் தைத்து, இடையிடையே தாழம்பூ மடலைச் செருகும் பூத்தைத்தல், சடைநாகத்தின் அதே வடிவத்தைச் செலவின்றித் தந்தது. மாலைக்குள் வாடிவிடும் அந்த அலங்காரத்தைக் காத்துவைக்க புகைப்பட ஸ்டூடியோக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளியது: பூத்தைத்த சிறுமியைக் கேமராவைப் பார்க்க நிற்கவைத்து, அவளுக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகத்தையும் சடையையும் ஒரே படத்தில் பிடித்துவிட்டனர்.