கேசட் கெடவில்லை, கணக்குத்தான் பிசகியது!



உங்கள் வீட்டு அலமாரி மூலையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட்டுகள் சில கிடக்கின்றனவா? 'மினி டிவி' கேசட்டுகள் அவை. பெயரைக் கேட்டுத் தொலைக்காட்சி என்று எண்ணிவிடாதீர்கள். டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது. 1995-இல் வந்த இந்த முறை, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம் கல்யாண வீடுகளையும் திருவிழாக்களையும் ஆண்டது.

தோட்டத்தை விட்டு மாக் மண்டின், பிறை பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கேசட்டுகள் பொக்கிஷம் அல்லவா? பத்து காவானையே பாருங்கள். ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தபின் புதிய நகரமாகி வருகிறது. இப்படி மாறிப்போன இடங்களின் லயத்து வாசலும், மறைந்துவிட்ட தாத்தாவின் குரலும் அந்த நாடாவில்தான் இருக்கலாம்.

ஆசையோடு அதைக் கணினிக்கு மாற்றுகிறோம். தாத்தா பேசினால் குருவி கத்துவதுபோல் கேட்கிறது! அல்லது வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது. உடனே, "கேசட் கெட்டுவிட்டது" என்று தூக்கி எறிகிறோம். எறியாதீர்கள்! கேமராவை நேராகத் தொலைக்காட்சியில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே குரல் சரியாகக் கேட்டால், பழுது நாடாவில் இல்லை, மாற்றிய விதத்தில்தான்.

காரணம் என்ன? டிஜிட்டல் கேமரா ஒலியை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எண்களாக எழுதி வைக்கிறது. இதில் இரண்டு வழக்கம் உண்டு. '16 பிட்' என்று வைத்தால் வினாடிக்கு 48,000 முறை. '12 பிட்' என்று வைத்தால் 32,000 முறை. பின்னால் இசையோ விளக்கவுரையோ சேர்க்க இடம் விடுவதற்காக வந்தது இந்த 12 பிட். கடையில் வாங்கியபடியே 12 பிட்டில் விட்டுப் படம் பிடித்தவர்கள் ஏராளம்.

33 சுற்று இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும். 32,000-இல் எழுதியதைக் கணினி 48,000 என்று படித்தால், ஒரு மணி நேரப் பேச்சு 40 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல் கீச்சிடும். மாறாக, 48,000-ஐ 32,000 என்று படித்தால் ஒன்றரை மணி நேரம் இழுக்கும், குரல் கனத்துவிடும்.

இனி, செய்ய வேண்டியவை:

1. கேமராவின் மெனுவில் ஒலி எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் அது இனிமேல் பிடிக்கும் படத்துக்கான அமைப்பு. பழைய கேசட் எந்த முறையில் பதிவானது என்பதை ஓட்டித்தான் அறிய வேண்டும். கணினி நிரலையும் அதே அளவுக்கு மாற்றுங்கள்.

2. ஒரே கேசட்டில் பாதி 12, பாதி 16 என்று கலந்திருந்தால், மாறும் இடத்தில் நிறுத்தி, தனித்தனிக் கோப்பாக எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றி இணைக்கலாம்.

3. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைவிட ஃபயர்வயர் ஒயரே மேல். அதில் படமும் ஒலியும் எண்களாகவே சேர்ந்து வரும்.

4. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக ஒலி விலகினால், கேசட்டைப் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள். மாற்றும்போது கணினியில் வேறு வேலை வேண்டாம். படச் சட்டங்கள் விட்டுப்போனாலும் ஒலி விலகும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும்.

கடையில் கொடுத்து மாற்றுகிறீர்களா? பணம் கொடுக்குமுன் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாயும் பேச்சும் அங்கே பொருந்தினால்தான் வேலை சரி. மூலக் கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

நாடாவுக்கும் வயது ஏறுகிறது. அதை ஓட்டும் கேமராக்களும் அருகி வருகின்றன. வரும் விடுமுறையிலேயே அந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள். பாட்டியின் தாலாட்டைப் பேரப்பிள்ளைகள் பாட்டியின் குரலிலேயே கேட்கட்டும்.