சிக்னல் இல்லாத மலையில் ஒரு சிக்னல்காரன்

ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மலையடிவாரத்தில், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சிக்னல் கிடைக்கவில்லையே" என்று அலைவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அப்படி அலைந்த கதைதான் இது. நம் சங்கக் குடும்பங்களில் மின்சாரக் கார் வாங்குவோர் பெருகி வருவதால், என் அனுபவம் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் 2023-ல் இந்தக் காரை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தான். இணையத்தோடு எப்போதும் தொடர்பில் இருக்கும் கார். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது எல்லாம் என் போனில் தெரியும். அவன் போனிலும் தெரியும். "கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்கேன்பா, இதுலயாவது பார்த்துக்கறேன்" என்றான். நான் மறுக்கவில்லை.

கார் யாரோடு பேசுகிறது?

முதல் வாரமே சங்கடம். எங்கள் குடியிருப்பில் எனக்கு ஒதுக்கிய இடம் இரண்டாவது அடித்தளத்தில். அங்கே போன் செத்துவிடும். காரும் அப்படியே. மேலே வீட்டில் உட்கார்ந்து செயலியைத் திறந்தால், "கடைசித் தகவல்: 14 மணி நேரத்துக்கு முன்" என்று வரும். வண்டி கீழே குத்துக்கல்லாட்டம் நிற்கும். செயலிக்கு அது காணாமல் போன வண்டி.

காரணம் எளிது. என் போன் காரோடு நேராகப் பேசுவதில்லை. போன் கம்பெனியின் கணினிக்குச் சொல்கிறது. அந்தக் கணினி காருக்குள் இருக்கும் இ-சிம்முக்குச் சொல்கிறது. பத்தடி தூரத்தில் நிற்கும் காரின் கதவைச் செயலி மூலம் திறக்க, செய்தி எந்த ஊர் கணினிக்கோ போய்த் திரும்ப வேண்டும். இரண்டு முனைகளில் ஒன்றில் சிக்னல் இல்லாவிட்டாலும் பேச்சு முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஓடுவதற்கு இதெல்லாம் தேவையே இல்லை. மோட்டார், பிரேக், பேட்டரி, சாவி எதற்கும் இணையம் வேண்டாம். சாவியில் இருப்பது சிறு தூரத்துக்கான ரேடியோ. அதுவும் போனால் உள்ளே ஒரு இரும்புச் சாவி மறைந்திருக்கிறது. இரவு எத்தனை மணிக்குச் சார்ஜ் ஏற வேண்டும் என்பதைச் செயலியில் குறிப்பதை விட்டுவிட்டு, காரின் திரையிலேயே குறித்து வைத்தேன். பிரச்னை தீர்ந்தது. இனி எல்லாம் எனக்குத் தெரியும் என்று மிதப்பாக இருந்தேன்.

மலை இறங்கினோம்

2024 டிசம்பரில் ஹரிஹரேஷ்வர் போய் வரலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். புணேயிலிருந்து பௌட், முள்ஷி வழியாகத் தாம்ஹிணி காட் இறங்கி, மாண்காவ் போய், அங்கிருந்து கடற்கரைக்குப் போகும் பாதை. ஒரு வழிக்குச் சுமார் 170 கி.மீ. எங்கள் காரின் பேட்டரி 40 யூனிட். போவதற்குத் தாராளம், திரும்ப வழியில் சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

புணே கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் இருவரோடும் வண்டியின் எடை சுமார் 1,650 கிலோ. இந்த எடையை அத்தனை உயரம் ஏற்றக் கணக்குப்படி இரண்டரை யூனிட் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். இது புதுமை அல்ல. போர்காட் மலைப்பாதையில் ஓடிய 'குரோக்கடைல்' மின்சார இன்ஜின்கள் 1930-களிலேயே இதைச் செய்தன. தாம்ஹிணி மலையின் அடியில் பீராவிலும் 1927 முதல் முள்ஷி ஏரித் தண்ணீர் இறங்கி மின்சாரம் தருகிறது. அன்று எங்கள் காரும் தன் பங்குக்கு இறங்கிக் கொஞ்சம் மின்சாரம் செய்தது. மனைவியிடம் இதை விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியே குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏறும்போதுதான் வினை

மறுநாள் திரும்பும்போது மாண்காவ் சார்ஜரில் நாலு வண்டி வரிசை. செயலியில் பார்த்தால், நிஜாம்பூர் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு விடுதி வளாகத்தில் இன்னொரு சார்ஜர், காலியாக இருப்பதாகக் காட்டியது. அங்கேயே போனோம். மணி மாலை 4.20. பேட்டரியில் 16 சதவீதம்.

சார்ஜரில் மின்சாரம் இருந்தது, கேபிளும் நன்றாக இருந்தது. என் போனில் மட்டும் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. செயலி திறக்கவில்லை, ஓ.டி.பி. வரவில்லை, யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருந்தது. காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பப் பேச்செல்லாம் அந்தத் தடித்த கேபிளுக்குள்ளேயே முடிந்துவிடும். இணையம் வேண்டியிருப்பது காசு வாங்கவும் அனுமதி கொடுக்கவும் மட்டும்தான். எதிரே சோறு இருந்தும் கல்லாப்பெட்டி திறக்காததால் பட்டினி என்ற கதை. நாற்பது நிமிடம் போராடியதில் என் போன் பேட்டரிதான் குறைந்தது. சிக்னலைத் தேடித் தேடிப் போனும் களைத்துவிடும்.

பக்கத்தில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடை. நடத்துவது நடுத்தர வயதுத் தம்பதி. என் மராத்தி முப்பது வருடமாக ஸ்டேஷன் மராத்தி. என் மனைவியுடையதோ காய்கறிச் சந்தையில் தேறியது. அவள்தான் பேசினாள். "பிளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்ன" என்றார் கடைக்காரர்.

என் டிக்கியில் 15 ஆம்பியர் பிளக்கில் போடும் சிறு சார்ஜர் எப்போதும் இருக்கும். முதல் பிளக்கில் போட்டதும் சிவப்பு விளக்கு, எர்த் இல்லை. எர்த் இல்லாத இடத்தில் அது ஏற்றாது, ஏற்றவும் கூடாது. அவருடைய பெரிய ஃபிரீசர் இருந்த பிளக்கில் எர்த் சரியாக இருந்தது. அதைக் கழற்றி எனக்கு இடம் கொடுத்தார். மணிக்கு மூன்று யூனிட் வீதம், ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு மலை ஏறும் அளவுக்குச் சேர்ந்தது. நடுவில் அந்த அம்மாள் சூடாகப் பிட்லாவும் பாக்ரியும் போட்டார். என் மனைவி சர்க்கரை நோயாளி. நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்ததே பெரிய உபகாரம். காசு வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தி 300 ரூபாய் கொடுத்தேன்.

இதற்கிடையில் அவர் ஒன்று சொன்னார்: "போன் பேசணும்னா ஒரு கிலோமீட்டர் பின்னால பாலத்துகிட்ட கிடைக்கும். என் பையன் பைக்ல கூட்டிட்டுப் போவான்."

"வேண்டாம், யாருக்குச் சொல்லப் போகிறேன்" என்றேன்.

தவறு காரில் இல்லை

இரவில் காட் ஏறி முள்ஷியை நெருங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. எல்லாம் மகனிடமிருந்தும், நம் சங்க அன்பர் ஒருவரிடமிருந்தும்.

நடந்தது இதுதான். மகன் போனில் செயலி கடைசியாகக் காட்டியது: நிஜாம்பூர், மாலை 4.10, பேட்டரி 17 சதவீதம். அதன் பிறகு ஒன்றுமில்லை. 17 சதவீதத்தில் மலை ஏற முடியாது என்பது அவனுக்குத் தெரியும். இருட்டில், காட்டில், சர்க்கரை நோயாளி அம்மாவோடு நான் வண்டி நின்றுபோய்த் தவிப்பதாக அவன் மனசு முடிவு கட்டிவிட்டது. சங்க அன்பருக்குப் போன் செய்திருக்கிறான். அறுபத்தெட்டு வயது, கண் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆன அந்த மனிதர், ஒரு ஃபிளாஸ்கில் பாலும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு தானே வண்டி ஓட்டிக் கிளம்பிவிட்டார். பௌட் அருகே இரவு பதினொரு மணிக்கு அவரைச் சந்தித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தன் பெயரைப் போடக் கூடாது என்று அவர் கட்டளை. வழியில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மகனிடம் முதலில் எரிந்து விழுந்தேன். "காரில் என்ன கெட்டுப்போச்சு? எல்லாம் சரியாத்தானே இருந்தது?" அவன் அமைதியாகச் சொன்னான்: "கார் எங்க நின்னுதுன்னு தெரிஞ்சுதுப்பா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு தெரியல."

அன்று தூக்கம் வரவில்லை. ஒரு கிலோமீட்டர் பைக்கில் போக எனக்கு என்ன கேடு? பாலத்தருகே நின்று ஒரு வரி அனுப்பியிருந்தால் மூன்று வீடுகள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும். கணக்கில் பிசகவில்லை, எர்த் பார்த்தேன், யூனிட் பார்த்தேன். சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லவில்லை.

மூன்று மணி, நான்கு மணி

ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே போகும் வண்டியை இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் பார்க்க முடியாத காலம் உண்டு. அதற்காக யாரும் பதறுவதில்லை. வண்டி செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் இந்த ஸ்டேஷன் மூன்று மணி அடிக்கும். வண்டி முழுதாக வந்து சேர்ந்ததை, கடைசிப் பெட்டியின் 'எல்.வி.' பலகையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த ஸ்டேஷன் நான்கு மணி அடிக்கும். நடுவில் இருப்பது மௌனம். ஆனால் இருவருக்கும் அர்த்தம் தெரிந்த மௌனம். பேச்சு வழிகள் எல்லாமே அறுந்துபோனாலும் டி/சி 602 என்ற தாளைக் கையில் கொடுத்து வண்டியை மெதுவாக அனுப்ப விதி இருக்கிறது.

இந்த விதிகளோடு முப்பத்தாறு வருடம் வாழ்ந்தவன், சொந்த வீட்டில் ஒன்றும் வகுக்கவில்லை. இப்போது வகுத்துவிட்டோம். சிக்னல் இல்லாத பாதையில் நுழையுமுன் வண்டியை ஓரங்கட்டி, மகனுக்குக் குறுஞ்செய்தி: 'மூன்று மணி', பேட்டரி சதவீதம், வெளியே வரும் நேரம். வந்ததும் 'நான்கு மணி'. சொன்ன நேரத்துக்குமேல் ஒரு மணி நேரம் கழிந்தால்தான் அவன் கவலைப்பட ஆரம்பிக்கலாம். அப்போது அழைக்க வேண்டியது 112; அறுபத்தெட்டு வயது நண்பர்களை அல்ல. வழியில் திட்டம் மாறினால், பாலத்தைத் தேடிப் போய்ச் சொல்வது என் பொறுப்பு.

மற்றவை சிறு யோசனைகள். மலைக்கு முந்திய ஊரிலேயே, வரிசை இருந்தாலும் காத்திருந்து சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜர் நிறுவனம் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை தந்தால் வாங்கி வையுங்கள். உங்கள் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் சார்ஜருக்குத் தொடர்பு இருந்தால் அது உதவும். வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் சார்ஜரும் கொஞ்சம் ரொக்கமும் டிக்கியில் இருக்கட்டும். சாவியை விட்டுவிட்டுப் போனை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

பிள்ளைகள் ஒரு ஊரிலும் நாம் ஒரு ஊரிலுமாக இருக்கும் வீடுகள்தான் நம்மில் அதிகம். கருவிகள் எவ்வளவு வந்தாலும் அவை காட்டுவது வண்டி நிற்கும் இடத்தை. நாம் நலமாக இருக்கிறோம் என்பதை நாமேதான் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் மறுபடி தாம்ஹிணி போனோம். அந்தக் கடைத் தம்பதிக்கு என் மனைவி முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தாள். திரும்பி மேலே வந்ததும் 'நான்கு மணி' என்று அனுப்பினேன். உடனே மகனிடமிருந்து பதில்: "எல்.வி. பலகை பார்த்தாச்சா?"

திரும்பிப் பார்த்து எழுதினேன்: "பார்த்தாச்சு. பின் சீட்டில் தூங்குகிறாள்."